நாலாவதாக நின்றவர்

“இது எங்கப்பா இல்ல, மாமா.”

பூஜா அந்தப் படத்தைக் கடை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். நிமிர்த்தி வைக்கக்கூட அவளுக்கு மனசில்லை.

ஸ்டுடியோ மணிவண்ணன் அதைத் திருப்பிப் பார்த்தான். ஆதார் அட்டையில் இருந்த சின்ன முகத்தை ஊதிப் பெரிதாக்கிச் சட்டம் போட்ட படம். கண்கள் இரண்டும் திடுக்கிட்டு விழித்திருந்தன. மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

“நான்தாம்மா இத போட்டுக் குடுத்தேன். போன வருஷம் காரியத்துக்கு அவசரம்னு கேட்டீங்க.”

“போட்டது நீங்கதான். ஆனா அவரு இல்ல. போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டி வச்ச மாதிரி இருக்குறாரு. எங்கப்பா என்னிக்காவது இப்படி முழிச்சிருக்காரா? நீங்களே சொல்லுங்க.”

மணிவண்ணன் படத்தை மறுபடி கவிழ்த்து வைத்தான்.

பூஜாவின் பின்னால் நின்ற அவள் அம்மா அருக்காணி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். கணுக்கால் வரை வெள்ளை பூத்திருந்தது.

“இன்னும் பத்து நாள்ல இவ மணையில உக்காரணும் தம்பி. உக்கார்றதுக்கு முன்ன அப்பன் படத்துக்கு விழுந்து கும்புடணும். இவ மாட்டேங்குறா.”

“யாருன்னே தெரியாத ஆளு கால்ல நான் ஏன் விழணும்?”

“வேற படம் இல்லடி.”

“அப்ப படமே வேணாம். காலி நாற்காலி போட்டு வைங்க. அதுக்கு விழுறேன்.”

“கேட்டியா தம்பி? திண்டிவனத்துல மருந்துக்கடையில நிக்கிற பொண்ணு பேசுற பேச்ச? மாப்ள வூட்டு சனங்க முன்னாடி காலி நாற்காலிய கும்புடுவாளாம்.”

வேறு படம் இல்லாமல் போனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அப்பா போவதற்குச் சில மாதம் முன்னால், கார்த்திகைப் புயலில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து நின்றது. கல்யாணப் படம் டிரங்குப் பெட்டியோடு ஊறி, பூஜாவின் அப்பா இருசப்பனும் அருக்காணியும் நீலச் சாயமாகக் கரைந்து போனார்கள். பூஜாவின் போனும் தண்ணீரோடு போனது. புது போன் வாங்கி, அப்பாவை ஒரு நாள் நிற்க வைத்து எடுக்கலாம் என்று இருந்தாள். மாசியில் ஒரு நாள், உப்பு மூட்டையை லாரியில் ஏற்றிவிட்டு இறங்கிய மனுஷர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

“ஏன் தம்பி, உங் கடையில எத்தினி வாட்டி வந்து நின்னிருப்பாரு?” என்றாள் அருக்காணி. “ஊருல பாதி வூட்டுப் படத்துல அவரு நிக்கிறாரு. உங்கிட்ட ஒண்ணு கூடவா இல்ல?”

இந்தக் கேள்வி வரும் என்று மணிவண்ணனுக்கு ஒன்றரை வருஷமாகத் தெரியும்.

விஷயம் இதுதான். உப்பளத்து ஆட்கள் இருட்டோடு பாத்தியில் இறங்கினால், வெயில் முதுகில் ஏறுவதற்குள், பத்து மணிக்கெல்லாம் வேலையை முடித்து ஏறிவிடுவார்கள். இருசப்பன் ஏறியதும் நேராக பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வருவார். ஒட்டினாற்போல் அடுத்தது மணிவண்ணன் கடை. படம் எடுத்துக்கொள்ள வருகிற குடும்பங்கள் பல சமயம் மூன்று பேராக வந்து நிற்கும். அப்பா, அம்மா, பிள்ளை. இல்லையென்றால் அண்ணன் தம்பி மூன்று பேர். மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்தால் நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது. இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது. கேமரா முன்னால் போய் நின்றதும் எல்லாரும் தலையை எண்ணுவார்கள். “மூணு பேரா இருக்கோமே…” என்று யாராவது ஒருவர் இழுப்பார். உடனே மணிவண்ணன் ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பான்.

“இருசப்பண்ணே, வாங்க. ஒரு ஆளு குறையுது!”

இருசப்பன் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு வருவார். அவருக்கென்று ஒரு நீலக்கட்டம் போட்ட சட்டை கடையில் ஆணியில் தொங்கியது. அதை மாட்டிக்கொண்டு, காலில் இருக்கும் உப்பு தெரியாமல் பின்வரிசை ஓரத்தில் போய் நிற்பார். எடுத்து முடிந்ததும் அந்தக் குடும்பம் அவருக்கு ஒரு டீ சொல்லும். முன்னால் வைத்துவிட்டு வந்த டீ ஆறிப்போயிருக்கும் என்பதால் அது நியாயம்தான்.

“முழுப் படமெல்லாம் கம்ப்யூட்டர்ல இருந்துச்சுக்கா. புயல் தண்ணியில அது போயிடுச்சு.”

“எல்லாமேவா?”

“நெட்ல ஏத்தி வச்சது கொஞ்சம் இருக்குது.”

“அதக் காட்டுங்க மாமா,” என்று பூஜா கையை நீட்டினாள்.

மணிவண்ணன் போனைக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். பூஜா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மூன்று பேர். மூன்று பேர். மறுபடியும் மூன்று பேர்.

“எங்கப்பா எங்க?”

“வெட்டிட்டேன்மா.”

பூஜா போனிலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“அஞ்சு வருஷத்துக்கு முன்ன ஆரோவில்ல ரெண்டு நாள் வகுப்பு ஒண்ணு நடந்துச்சு. போனேன். படத்துல ஆளுங்க ஒத்தப்படையா இருந்தாதான் கண்ணுக்கு அழகு, ரெட்டப்படையா இருந்தா கண்ணு எங்க நிக்கிறதுன்னு தெரியாம அலையும்னு சொல்லிக் குடுத்தாங்க. நான் எடுத்ததெல்லாம் நாலு, நாலு, நாலு. வெட்கமா போச்சு. குடும்பத்துக்குக் குடுத்தது குடுத்ததுதான், நம்ம பேருல காட்டுறதுக்காவது நல்லா இருக்கட்டும்னு… ஓரத்துல நின்னவர எடுத்துட்டேன்.”

“எங்கப்பாவயா வெட்டுனீங்க? அவரு உங்களுக்கு இன்னா பண்ணாரு?”

“ஒரு ஆளா நான் அப்ப அவர பாக்கலம்மா. ஓரம்னு பாத்தேன். அதான் தப்பு.”

அருக்காணி போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டாள். ஒரு படத்தின் விளிம்பில் விரலை வைத்தாள்.

“இது அவரு முட்டிக்கை.”

ஆமாம். வெட்டும்போது தப்பிப்போய், நீலக்கட்டத்தில் ஒரு முழங்கை மட்டும் நின்றிருந்தது.

“இந்தச் சட்டைய நான் தொவச்சதே இல்ல,” என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை மணிவண்ணன் எதிர்பார்க்கவில்லை.

“நீ ஏம்மா சிரிக்கிற?”

“பின்ன இன்னாடி? உங்கப்பன ‘வா, வந்து படத்துக்கு நில்லு’ன்னு இந்த ஊருல எவன் கூப்ட்டான்? நான் கூப்ட்டனா, நீ கூப்ட்டியா? நெனச்சுப் பாரு. கூப்ட்டது இந்தத் தம்பி ஒருத்தன்தான். கூப்ட்டதாலதான வெட்டவும் முடிஞ்சுது.” அவள் மணிவண்ணன் பக்கம் திரும்பினாள். “குடும்பத்துக்குக் குடுத்த படத்த நீ வெட்டலியே?”

“இல்லக்கா. அது முழுசுதான்.”

“அப்ப அவங்கவங்க வூட்டுச் செவுத்துல அவரு இருப்பாரு. வண்டிய எடு.”

ஞாபகம் இருந்த பேர்களை மணிவண்ணன் ஒரு தாளில் எழுதினான். பூஜா வேலைக்குப் போக, அவனும் அருக்காணியும் அன்றைக்கே கிளம்பினார்கள்.

முதலில் அனுமந்தைக் கிராமம். மீன்பிடிக்கிற தங்கராசு புதுப் படகு இறக்கியபோது எடுத்த படம். உப்பளத்தில் வேலை இல்லாத மழை மாதங்களில் இருசப்பன் மணிவண்ணனோடு லைட் பிடிக்க வருவார். அன்றைக்கும் தங்கராசு, அவர் அண்ணன், மச்சான் என்று மூன்று பேர் நின்றதால், லைட்டைக் கீழே வைத்துவிட்டு நாலாவதாகப் போய் நின்றார்.

“அருக்காணியா? வாம்மா, வா. ஏம்பா போட்டோக்காரரே, வெயில்லயா கூட்டினு வருவ?” தங்கராசு வலையை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்ப் படத்தோடு வந்தார்.

பெரிய படம். படகு முழுசாக இருந்தது, முனையிலிருந்து எஞ்சின் வரைக்கும். ‘ஏழுமலையான் துணை’ என்ற எழுத்தை அடுத்த தெருவிலிருந்து படிக்கலாம். மனுஷர்கள் சுண்டுவிரல் அளவு இருந்தார்கள்.

“எங்க இவரு?” என்று அருக்காணி தேடினாள்.

“இதோ, நங்கூரத்துக்குப் பக்கத்துல.”

“இதுவா? இது உருளக் கெழங்கு மாதிரி இருக்குது!”

“நான் கிட்ட வந்து எடுக்குறேன்னுதான் சொன்னேன்,” என்றான் மணிவண்ணன். “மூஞ்சி நல்லா விழும்னேன். இவருதான் கேக்கல.”

“படகுக்குப் படம் எடுக்க வந்தவன் எம் மூஞ்சிய எடுத்து இன்னா பண்ணப் போற? எம் மூஞ்சிய வூட்ல தெனம் பாக்குறாங்க. படகு பேரு ஒரு எழுத்து வெட்டுப்படக் கூடாதுன்னேன். அது தப்பா?”

“தப்பில்லண்ணே. பொருள எடுக்குறதுன்னா அப்படித்தான் எடுக்கணும்.”

தங்கராசு படத்தை அருக்காணி கையில் கொடுத்தார். “ஒரு வார்த்த சொல்றேம்மா. இந்தப் படகு எறங்குன நாள்லேருந்து ஒரு தடவ கூட கவுந்தது கெடையாது. புயல்ல பக்கத்துல கட்டியிருந்ததெல்லாம் ஒடஞ்சுது, இது நிக்குது. உன் வூட்டுக்காரரு நின்ன ராசின்னு எங்க அண்ணன் இப்பவும் சொல்லுவான். பொண்ணு கல்யாணத்துக்கு மீன் எங்குளுது. வேணாம்னு சொல்லாத.”

“கல்யாணத்துல சைவம்ண்ணே.”

“அப்ப மறுநாளுக்கு.”

வண்டியில் ஏறும்போது அருக்காணி சொன்னாள்: “ஒரு டீக்கு நின்ன மனுஷனுக்கு இவ்ளோ ராசியா? தெரிஞ்சிருந்தா நானும் ஒரு பக்கம் நிக்க வச்சிருப்பேன்.”

அடுத்தது இடையஞ்சாவடி. ஆரோவில்லில் வேலை செய்கிற பிரியதர்ஷினி வீடு. கல்யாணத்துக்கு முன்னால் மரக்காணம் உப்பளத்தில் படம் எடுத்துக்கொண்டவள். அன்றைக்கு மாப்பிள்ளை, பெண், கூட வந்த தோழி என்று மூன்று பேர் ஆகிப்போனார்கள்.

“பாருங்கக்கா, எவ்ளோ அழகா எடுத்திருக்காரு!” பிரியதர்ஷினி கூடத்துச் சுவரைக் காட்டினாள்.

அழகாகத்தான் இருந்தது. பாத்திகளின் வரப்புகள் இரண்டு பக்கத்திலிருந்தும் கண்ணைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் விட்டன. அடிவானத்தை நடுவில் வைக்காமல் கீழே தாழ்த்தி, மூன்றில் இரண்டு பங்கு வானத்துக்கே கொடுத்திருந்தான். செம்மஞ்சள் வானம். கீழே தண்ணீரிலும் அதே வானம். நான்கு உருவங்கள் கரிக்கோட்டில் வரைந்தது போலக் கறுப்பாக நின்றன.

“இவருதான?” அருக்காணி ஓர உருவத்தைத் தொட்டாள். “நிக்கிற நெளிவு தெரியுது. மூஞ்சி எங்க தம்பி?”

“சூரியன் பின்னால இருக்குதுக்கா. அப்படி எடுத்தா உருவம்தான் வரும், மூஞ்சி வராது. அதுக்குத்தான் அப்படி எடுக்குறது.”

“கல்யாணப் பொண்ணு மூஞ்சி தெரியலன்னா மாமியார் ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னாங்கக்கா,” என்று பிரியதர்ஷினி சிரித்தாள். “‘இருட்டுல எடுத்ததுக்கா இத்தினி செலவு’ன்னு கேட்டாங்க. அன்னிக்கு உங்க வீட்டுக்காரருதான் எங்கள பாத்திக்குள்ள எறங்க விடல. ‘உப்பு பூக்குற பாத்தி தாயி, மிதிச்சா சேறு கலந்துடும், வரப்பு மேலயே நில்லுங்க’ன்னாரு. நான் புடவையோட வழுக்கப் பாத்தேன், ஓடியாந்து புடிச்சாரு. இல்லாட்டி கல்யாணத்தன்னிக்கு மாவுக்கட்டோடதான் நின்னிருப்பேன்.”

அருக்காணி அந்தக் கறுப்பு உருவத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன வார்த்தை கிடைத்தது. அதை அவள் மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

மூன்று நாளில் பதினோரு வீடு ஏறி இறங்கினார்கள். ஒரு படத்தில் கண்ணை மூடியிருந்தார். ஒன்றில் முன்னால் நின்றவரின் தலைப்பாகை அவர் வாயை மறைத்தது. ஒன்றில் சட்டத்துக்குள் அடங்குவதற்காகக் கண்ணாடி போட்டவரே அவர் பாதி முகத்தை மடித்துவிட்டிருந்தார். மற்றதில் எல்லாம் யார் வீட்டு ஆளோ என்பது போல விறைத்து நின்றார். ஒவ்வொரு வீட்டிலும் மோர் கொடுத்தார்கள், நல்ல வார்த்தை சொன்னார்கள். போனில் எடுத்து அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் பூஜா ஒரே பதில் போட்டாள்: “இல்ல.”

தாளில் ஒரு பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. மணிவண்ணன் அதை வேண்டுமென்றே கடைசியில் எழுதியிருந்தான்.

“அந்தோணியம்மா வூடுதான? உப்பளம் போற ரோட்டுலயே இருக்குது. அத ஏன் இத்தினி நாள் வுட்ட?”

“அந்தம்மா என்ன திட்டுனது இன்னும் காதுல இருக்குதுக்கா. நாலு வருஷத்துக்கு முன்ன சர்ச்சு சாமியார் வந்து புது வீடு மந்திரிச்ச அன்னிக்கு எடுத்தது. அண்ணன் கேமராவப் பாக்காம வேற எங்கயோ பாத்துட்டாரு. மறுபடி எடுன்னாங்க. அடுத்த எடத்துக்கு நேரமாச்சுன்னு நான் ஓடிட்டேன்.”

“திட்டுனா திட்டட்டும். வா.”

அந்தோணியம்மாள் கதவைத் திறந்ததும் மணிவண்ணனைத்தான் முதலில் பார்த்தாள்.

“அடடே, வந்தியா? இப்பவாவது வந்தியே. நாலு வருஷமா அந்தப் படத்த பாத்துப் பாத்து எங் கழுத்து திரும்பிப் போச்சு. எல்லாரும் நேரா பாக்குறோம், அந்த மனுஷன் மட்டும் ரோட்டப் பாக்குறாரு.”

உள்ளே கூடத்தில் படம் மாட்டியிருந்தது. நீலச் சுவர் முன்னால் நான்கு பேர். அந்தோணியம்மாள், நடுவில் அவள் வீட்டுக்காரர், பக்கத்தில் மகன் ஜான்சன், ஓரத்தில் நீலக்கட்டச் சட்டையில் இருசப்பன்.

அருக்காணி கிட்டே போனாள்.

முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. வலது ஓரத்துக்கு வெளியே எதையோ பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார். கண்ணோரம் முழுக்கச் சுருக்கம். வெயில் சரியாகக் கன்னத்து எலும்பில் விழுந்திருந்தது.

“எதப் பாத்து இப்படிச் சிரிக்கிறாரு? அன்னிக்கு இருந்த அவசரத்துல நான் எதையும் கவனிக்கல,” என்றான் மணிவண்ணன்.

“எதையா? ரோட்டுல ஒரு பொம்பள நின்னு கத்துச்சு,” என்றாள் அந்தோணியம்மாள். “‘யோவ், இன்னும் எத்தினி குடும்பத்துல பூந்து நிப்ப? சொந்தக் குடும்பத்துல கஞ்சி ஆறிப் போவுது, வா’ன்னு. சாமியார் கூட சிரிச்சுட்டாரு.”

“நான்தாம்மா அது,” என்றாள் அருக்காணி.

“நீயா?”

“நான்தான்.”

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அருக்காணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மணிவண்ணனுக்குத் தெரியவில்லை. சமையலறை வாசலில் ஜான்சனின் மனைவி சகாயசெல்வி கரண்டியோடு வந்து நின்றாள்.

மணிவண்ணன் போனில் அதைப் பிடித்து அனுப்பினான். பூஜாவிடமிருந்து பதில் வரவில்லை. போனே வந்தது. மருந்துக்கடைச் சத்தத்துக்கு நடுவில், “மாமா, அப்பா. மாமா, அப்பாதான்,” என்றாள்.

“யம்மா, இவர மட்டும் தனியா எடுத்துக்குறோம்,” என்று மணிவண்ணன் விஷயத்தைச் சொன்னான்.

அந்தோணியம்மாள் முகம் மாறியது.

“தனியான்னா?”

“உங்க படம் உங்க செவுத்துலயே இருக்கும். நான் காப்பி பண்ணி, அண்ணன மட்டும் பிரிச்சு…”

“பிரிச்சா நாங்க எத்தினி பேரு?”

“படம் அப்படியேதாம்மா இருக்கும்.”

“காயிதத்துல இருக்கும். ஆளு? அவர நீ மாலை போட்டு, பொட்டு வச்சு, வேற எடத்துல உக்கார வச்சுட்டா, இங்க நிக்கிறது மூணு பேருதான். நடுவுல நிக்கிறது யாருன்னு பாத்தியா? எங்க வூட்டுக்காரரு. இந்தப் படம் எடுத்த ஆறாம் மாசம் நெஞ்சுல ஆப்பரேஷன். டாக்டரே கைய விரிச்சாரு. பொழச்சு வந்து உள்ள படுத்துத் தூங்குறாரு. நாலாவதா ஒரு ஆளு நின்னதாலதான்னு நான் நம்புறேன்.”

“அத்தை,” என்றாள் சகாயசெல்வி, “நாம கோயில்ல பிதா சுதன் ஆவின்னு மூணு பேரத்தான கும்புடுறோம்?”

“அது மேல. அவங்களுக்கு எந்த ஆப்பரேஷனும் கெடையாது. கீழ இருக்குறவங்க நாலு பேராத்தான் நிக்கணும்.”

மணிவண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அருக்காணி அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

“வேணாம் தம்பி. அந்தம்மா சொல்றது நியாயம்தான். அவரு நின்னதால ஒரு உசுரு இருக்குதுன்னா, நிக்கட்டும். எம் பொண்ணுக்கு நான் சொல்லிக்கிறேன்.” அவள் அந்தோணியம்மாளைப் பார்த்தாள். “என்ன பாத்துத்தான் சிரிச்சாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சுது. இத்தினி நாளா நான் கத்துனது அவருக்குக் கோவமோன்னு நெனச்சிருந்தேன். அது போதும்மா எனக்கு. நீங்க இவர மாட்டி வச்சதுக்கு நான்தான் கும்புடணும்.”

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

சகாயசெல்விதான் பேசினாள். கரண்டியை வாசற்படியில் தட்டிக்கொண்டே பேசினாள்.

“அத்தை, நான் ஒண்ணு கேக்கலாமா? கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. இந்தச் செவுத்துல நான் எப்ப ஏறப் போறேன்?”

“இப்ப அது இன்னாத்துக்கு?”

“உப்பளத்துலேருந்து ஒருத்தர கூப்ட்டு நாலு பேரு ஆக்குனீங்க. நானும் ஒரு ஆளுதான? எண்ணுங்களேன்.”

அந்தோணியம்மாள் மருமகளைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். விரலை மடக்கி எண்ணினாள். வாய் தன்னால் அசைந்தது.

“ஜான்சா!” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். “உங்கப்பாவ எழுப்பு. நல்ல சட்ட போடச் சொல்லு. அருக்காணி, எங்க போற? நில்லு. போட்டோக்காரரே, கேமரா இருக்குதா?”

“வண்டியில இருக்குதும்மா.”

“இந்தத் தடவ ஓடுன, வாசல்ல பூட்டிடுவேன்.”

அரைமணி நேரத்தில் எல்லாரும் அதே நீலச் சுவர் முன்னால் வந்தார்கள்.

“நாங்க மூணு பேரும் பழையபடி நிக்கிறோம். இவ அந்த ஓரத்துல நிக்கட்டும்,” என்றாள் அந்தோணியம்மாள்.

“இல்லம்மா,” என்றான் மணிவண்ணன். இதுவரை யாரிடமும் அவன் இவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை. “ஓரத்துல நிக்கிறவங்கள வெட்டுறது சுலபம். நானே வெட்டியிருக்கேன். இவங்க உள்ள வரட்டும்.”

“நாலு பேரு நல்லா வராதுன்னு அன்னிக்கே மொனகுன?”

“நாலு தலையும் ஒரே மட்டத்துல இருந்தா வேலிக் கம்பு நட்ட மாதிரி இருக்கும். மேல கீழ வச்சா நல்லாத்தான் வரும். இது எனக்கு அப்ப தோணல. வெட்டத்தான் தோணுச்சு.”

பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்தான். அந்தோணியம்மாளை அவர் பக்கத்தில், ஸ்டூலில், கொஞ்சம் தாழ்வாக. ஜான்சனை அப்பாவுக்குப் பின்னால் நிறுத்தினான். சகாயசெல்வியை மாமியார் தோளுக்கு மேலே வரவைத்து, அந்தத் தோளில் கை வைக்கச் சொன்னான்.

“வைக்கலாமா அத்தை?”

“போட்டோக்காரரு சொல்றாருல்ல? வை.”

“கண்டிப்பா கேமராவப் பாக்கணுமா?” என்றான் ஜான்சன்.

“பாத்தாலும் சரி, பாக்காட்டியும் சரி. மூஞ்சி உங்குளுதா இருக்கணும். அவ்ளோதான்.”

ஏழெட்டு எடுத்தான். அந்தோணியம்மாள் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து, ஐந்தாவதுதான் நன்றாக இருக்கிறது என்று முடிவு சொன்னாள். பிறகு எழுந்துபோய்ச் சுவரில் இருந்த பழைய படத்தை இரண்டு கையாலும் கழற்றினாள். கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

“இருசப்பா,” என்றாள் படத்தைப் பார்த்து, எதிரில் நிற்கிறவரிடம் பேசுவது போலவே. “நாலு வருஷம் எங்க கூட நின்ன. நல்லா நின்ன. ஆண்டவர் உன்ன அனுப்புனாரு. இப்ப எங்க வூட்டுக்கு ஆளு வந்தாச்சு. போய் உம் பொண்ணு கல்யாணத்தப் பாரு.”

படத்தை அருக்காணி கையில் கொடுத்தாள். அருக்காணி அதைக் குழந்தையை வாங்குவது போல வாங்கினாள்.

அன்று சாயங்காலம் பூஜா கடைக்கு வந்தாள். மணிவண்ணன் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இருசப்பனைச் சுற்றிச் சட்டம் கட்டிக்கொண்டிருந்தான்.

“நடுவுல வைங்க மாமா. சாமி படமெல்லாம் அப்படித்தான இருக்குது?”

“ஆதார்ல நடுவுலதான் இருந்தாரு. பாத்தியே, எப்படி இருந்தாருன்னு. அது ஆள அடையாளம் காட்டுறதுக்கு எடுக்குறது, காது ரெண்டும் தெரியணும்பாங்க. இவரு வலது பக்கம் பாக்குறாரு. பாக்குற பக்கம் எடம் விடணும். இல்லாட்டி செவுத்துல மூஞ்சி முட்டுற மாதிரி இருக்கும்.”

“அந்தப் பக்கம்தான் எடமே இல்லியே. படம் முடிஞ்சு போவுது.”

“நீலச் செவுருதான? நான் கொஞ்சம் இழுத்து விட்டுக்குறேன்.”

சுவர் வலது பக்கம் மெல்ல நீண்டது. இருசப்பன் மூச்சுவிட்டது போல இருந்தது. பூஜா திரைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடையை மூடும்வரை எழவில்லை.

கல்யாணத்தன்று மண்டபத்தில் அலங்காரக்காரர்கள் படத்தை மணைக்கு வலது பக்கம் மேசை போட்டு வைத்து, மல்லிகைச் சரமும் சுற்றிவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கேமராவோடு வந்த மணிவண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“அக்கா, அங்க வச்சா அண்ணன் பந்தி நடக்குற எடத்தப் பாத்துக்கிட்டு இருப்பாரு.”

“பாக்கட்டுமே. அவருக்கு அதுவும் புடிக்கும்,” என்றாள் அருக்காணி. ஆனாலும் மேசையின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை அவன் பிடித்தான். மணைக்கு இடது பக்கம் கொண்டுவந்து போட்டார்கள். இப்போது இருசப்பனின் பார்வை நேராக மணையில் போய் விழுந்தது.

பூஜா வந்தாள். படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் முதல் பந்தி தொடங்கியது. படம் எடுக்க வருகிறவர்கள் எந்தக் கல்யாணத்திலும் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவார்கள். அதுவும் சாம்பாரில் காய் மிஞ்சியிருந்தால் உண்டு. மணிவண்ணன் மாப்பிள்ளை வீட்டாரைப் படம் எடுத்துக்கொண்டு இலைகளுக்கு நடுவே நடந்தபோது அருக்காணி வந்து அவன் தோளிலிருந்த கேமராப் பட்டையைப் பிடித்தாள்.

“இத இப்படிக் குடு.”

“எதுக்குக்கா? இன்னும் பந்தி எடுக்கணும்.”

“பந்திய எவனாவது போன்ல எடுப்பான். நீ உக்காரு.”

“மாப்ள வூட்டு ஆளுங்க உக்கார்ற வரிசைக்கா இது.”

“தெரியும். அதனாலதான் சொல்றேன். உக்காரு.”

உட்கார்ந்தான். ஒரு பக்கம் மாப்பிள்ளையின் சித்தப்பா, மறுபக்கம் பட்டுப்புடவையில் அந்தோணியம்மாள். அருக்காணி தானே தண்ணீர் தெளித்து இலை போட்டாள், தானே பரிமாறினாள். வடையை வைத்தாள். நகரப் போனவள் நின்று இன்னொரு வடையையும் வைத்தாள்.

“ஒண்ணு போதும்கா.”

“பேசாம சாப்புடு தம்பி,” என்றாள் அருக்காணி. “மெதுவா சாப்புடு.”